நிறம் தெரிகிறது, பெயர் வரவில்லை: குழந்தைகளும் வண்ணச் சொற்களும்

இரண்டரை வயதுக் குழந்தையின் முன் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டைகளைக் குவித்துவைத்து, ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, “இதே மாதிரி இன்னொண்ணு எடு” என்று சொன்னால், பல குழந்தைகள் தயங்காமல் சரியான கட்டையை எடுத்துத் தரும். அதே கட்டையைக் காட்டி “இது என்ன கலர்?” என்று கேட்டால் “மஞ்சள்” என்று பதில் வரும். அடுத்த நீலக் கட்டைக்கும் மஞ்சள்தான், சிவப்புக்கும் மஞ்சள்தான். கேள்வி கேட்டவர் முகம் சற்று வாடும். கண்ணில் கோளாறோ, புத்தியில் மந்தமோ என்ற கவலை அங்கே தொடங்கும்.

அந்த வயதில் காக்கை, கரண்டி, பஸ், நிலா, செருப்பு என்று நூற்றுக்கணக்கான பெயர்ச்சொற்கள் அந்தக் குழந்தைக்குத் தெரியும். ஒரே ஒரு முறை கேட்ட மிருகத்தின் பெயரைக்கூட அடுத்த நாள் சொல்லும். கண் திறந்த நாள் முதல் பார்த்துவரும் சிவப்புக்கும் பச்சைக்கும் பெயர் சொல்ல மட்டும் ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை தேடிவருகிறார்கள். கிடைத்த விடைகளில் சில பொய்த்தன, சில பாதி நின்றன, சில இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. வண்ணங்களைக் கற்பிக்கும் முறை எதுவாக இருந்தாலும், அதற்குக் கீழே இந்த விடைகளில் ஏதோ ஒன்று இருக்கிறது. எனவே முறைகளைப் பார்க்குமுன் விடைகளைப் பார்ப்பது நல்லது.

ஹோமரில் தொடங்கி டார்வின் வீடு வரை

இந்த விவாதம் குழந்தைகளிடம் தொடங்கவில்லை, கிரேக்கக் காவியத்தில் தொடங்கியது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரைப் பற்றி மூன்று தொகுதிகளில் ஒரு பெருநூல் எழுதினார். ஹோமரிடம் நிறச்சொற்கள் மிகக் குறைவு என்பதும், கடலையும் எருதையும் அவர் மதுவோடு தொடர்புடைய ஒரே அடைமொழியால் குறிக்கிறார் என்பதும் அவருக்கு வியப்பாக இருந்தன. அக்காலக் கிரேக்கரின் நிற உணர்வே வளர்ச்சி பெறாதது என்று அவர் முடிவுகட்டினார். 1867இல் லாசரஸ் கைகர் என்ற ஜெர்மானிய மொழியறிஞர், பழைய நூல்களில் கருப்பும் சிவப்பும் முன்னால் வருகின்றன, நீலம் கடைசியில்தான் வருகிறது என்று காட்டினார். கண் மருத்துவரான ஹூகோ மாக்னஸ் 1877இல் ஒரு படி மேலே போனார். வரலாற்றுக் காலத்திலேயே மனிதக் கண் வளர்ந்தது, முன்னோருக்கு நீலமே தெரியவில்லை என்றார்.

அதே 1877இல் ‘காஸ்மாஸ்’ என்ற ஜெர்மன் இதழில் மாக்னஸுக்கு மறுப்பு வெளியானது. அதையொட்டி சார்லஸ் டார்வின் ஒரு சிறு குறிப்பு எழுதினார். தம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர், வழக்கமான பொருள்களின் பெயர்களையெல்லாம் கற்ற பிறகும், படங்களிலிருந்த நிறங்களுக்குச் சரியான பெயர் சொல்ல முடியாமல் இருந்ததை அவர் அதில் பதிவு செய்தார். மீண்டும் மீண்டும் சொல்லிக்கொடுத்தும் பலிக்கவில்லை. அவர்கள் நிறக்குருடர்களோ என்றுகூட ஒரு கட்டத்தில் அவர் நினைத்தார், ஆனால் அந்த அச்சம் ஆதாரமற்றது என்று பிறகு தெரிந்தது.

அந்தக் குறிப்பின் மதிப்பு அதன் எளிமையில் இருக்கிறது. மாக்னஸ் சொல்லின்மையைக் கண்ணின் குறையாகப் படித்தார். சொல் இல்லாமலே கண் முழுமையாக இருக்கலாம் என்பதற்கு டார்வினின் பிள்ளைகள் சாட்சியாக நின்றார்கள். நிறம் தெரிவது ஒன்று, பெயர் தெரிவது வேறு. இந்தப் பிரிவைக் கவனிக்காத எந்த ஆய்வும், எந்த வகுப்பறையும் கிளாட்ஸ்டன் விழுந்த குழியில்தான் விழும்.

எட்டு வயதுக்கு வைத்த தேர்வு

பிரான்சில் ஆல்ஃப்ரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1908இல் வெளியிட்ட அறிவுத்தேர்வு அளவுகோலில், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களின் பெயர் சொல்வது எட்டு வயதுப் பிள்ளைக்கான கேள்வியாக இருந்தது. 1911இல் திருத்தியபோது அது ஏழு வயதுக்கு இறங்கியது. 1916இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதைத் தழுவியமைத்தபோது ஐந்து வயதுக்கு வந்துவிட்டது. இன்றைய ஆங்கிலக் குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்று, நான்கு வயதுக்குள் இந்த நான்கையும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு நூற்றாண்டில் மனித மூளை மாறிவிடாது. ஆகவே சுற்றுப்புறம்தான் மாறியிருக்க வேண்டும் என்பது பலர் சொல்லும் விளக்கம். 1856இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டெடுத்தார். 1903இல் கிரயோலா நிறுவனம் எட்டு நிற மெழுகுக் குச்சிகளை ஒரே பெட்டியில் அடைத்து விற்றது. பிறகு பிளாஸ்டிக் வந்தது. மரத்தாலும் மண்ணாலும் செய்த பொம்மைக்கு அதன் பொருளே நிறம் கொடுத்தது. பிளாஸ்டிக் கோப்பையோ ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, நிறம் ஒன்றால் மட்டும் வேறுபட்டு வருகிறது. எல்லாம் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் மாறும்போதுதான் நிறத்தைச் சொல்லாமல் பொருளைச் சுட்ட முடியாது. நிறச்சொல் அங்கே கட்டாயத் தேவையாகிவிடுகிறது.

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே, ஆனால் முழுமையானதாகத் தோன்றவில்லை. 1985இல் இந்தத் தரவுகளைத் திரட்டி ஆராய்ந்த மார்க் போர்ன்ஸ்டைன், கண்ணிலிருந்து வரும் செய்தியையும் மொழியையும் இணைக்கும் மூளை வழிகள் முதிர்வதற்கும் இதில் பங்கிருக்கலாம் என்றார். தேர்வுமுறையும் ஒரு காரணம். பெயரைச் சொல்லச் சொல்வது கடினம், பெயரைக் கேட்டுப் பொருளைக் காட்டுவது எளிது. பினே கேட்டது முதல் வகை. எட்டு வயது என்ற பழைய எண்ணை இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் வைக்கும்போது இதை மறக்கக் கூடாது.

கண் முந்தியா, மொழி முந்தியா?

1969இல் பிரென்ட் பெர்லினும் பால் கேயும் ஒரு சிறு நூலில் பெரிய கோட்பாட்டை முன்வைத்தார்கள். உலக மொழிகளில் அடிப்படை நிறச்சொற்கள் அதிகபட்சம் பதினொன்று. அவை தோன்றும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் கருப்பும் வெள்ளையும், பிறகு சிவப்பு, பிறகு பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம், அதன்பின் பழுப்பு, கடைசியாக மற்றவை. இரண்டே நிறச்சொற்கள் கொண்ட நியூகினி தானி மக்களிடம் எலினார் ரோஷ் நடத்திய சோதனைகள் 1972இல் வெளிவந்தன. சொல் இல்லாத நிறங்களிலும் ‘நல்ல சிவப்பு’, ‘நல்ல பச்சை’ போன்ற மையச் சாயல்களை அவர்கள் எளிதாக நினைவில் வைத்தார்கள் என்றார் அவர். அப்படியானால் நிற வகைகள் கண்ணிலேயே எழுதப்பட்டிருக்கின்றன, மொழி அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறது என்பதுதான் பொருள்.

கைக்குழந்தை ஆய்வுகள் இந்தக் கட்சிக்கு வலு சேர்த்தன. குழந்தைக்கு ஒரு நிறத்தைச் சலிக்கும்வரை காட்டுவார்கள். பிறகு அதோடு இன்னொரு நிறத்தையும் சேர்த்து வைப்பார்கள். புதிய நிறத்தை நெடுநேரம் பார்த்தால் குழந்தை அதை வேறாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள். நான்கு மாதக் குழந்தைகள் நிறங்களை வகைபிரித்துப் பார்க்கிறார்கள் என்று போர்ன்ஸ்டைன் குழு 1976இல் சொன்னது. 2017இல் ஆலிஸ் ஸ்கெல்டன், அன்னா ஃபிராங்க்ளின் குழுவினர் நான்கு முதல் ஆறு மாதக் குழந்தைகளிடம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்து வகைகளைக் கண்டனர்.

எதிர்க்கட்சியின் சான்றுகள் பாப்புவா நியூகினியிலிருந்தும் நமீபியாவிலிருந்தும் வந்தன. பாப்புவா நியூகினியின் பெரின்மோ மொழியில் ஐந்து நிறச்சொற்கள்தான். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே அவர்களுக்குக் கோடு இல்லை, நாம் கோடு போடாத வேறோர் இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய நினைவு அவர்களுடைய கோட்டைத்தான் பின்பற்றுகிறது என்று டெபி ராபர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2000இல் காட்டினர். அதே குழு ஆங்கிலக் குழந்தைகளையும் நமீபியாவின் ஹிம்பா குழந்தைகளையும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சொல் அறியாத கட்டத்தில் இரு நாட்டுக் குழந்தைகளும் ஒரே மாதிரித்தான் தவறு செய்தார்கள், அருகருகே உள்ள சாயல்களைக் குழப்பினார்கள். சொற்களைக் கற்கக் கற்க, அவரவர் மொழியின் எல்லைகள் அவரவர் நினைவில் மெல்லப் படிந்தன. எந்தச் சொல் முதலில், எந்தச் சொல் பின்னால் என்ற மாறாத வரிசையும் காணப்படவில்லை.

இரண்டையும் இணைக்க ஃபிராங்க்ளின் குழு 2008இல் ஒரு வழி சொன்னது. கைக்குழந்தையிடம் நிறவகைப் பிரிவு மூளையின் வலப்பாதியில் வலுவாக இருக்கிறது, நிறப்பெயர் கற்ற பிறகு இடப்பாதிக்கு மாறுகிறது என்றது. அழகான முடிவுதான். ஆனால் பெரியவர்களிடம் இந்த இட, வல வேறுபாட்டைத் தேடிய சில பிற்காலச் சோதனைகளில் அது கிடைக்கவில்லை. கைக்குழந்தை எதை நெடுநேரம் பார்க்கிறது என்பதிலிருந்து அதன் மனத்தில் ‘வகை’ இருக்கிறது என்று சொல்ல எடுத்துவைக்கும் அடியும் சற்று நீளமானது. இப்போதைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கண்ணிடம் சில மடிப்புகள் ஏற்கனவே இருக்கின்றன, ஆனால் மொழி போடும் கோடுகள் அந்த மடிப்பிலேயே விழும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தை கற்க வேண்டியது இந்த இரண்டாவதை.

ஒரு தட்டும் ஆயிரம் தடவையும்

1978இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் செய்த சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மழலையர் பள்ளியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். அறையில் இரண்டு தட்டுகள். அளவும் வடிவும் ஒன்றே. ஒன்று நீலம், மற்றது மங்கிய ஆலிவ் பச்சை. ஆசிரியர், பாடம் நடத்தும் பாவனையே இல்லாமல், போகிறபோக்கில் ஒரு பிள்ளையிடம் சொல்கிறார்: அந்த ‘குரோமியம்’ தட்டை எடுத்துவா, நீலம் இல்லை, குரோமியம். அந்தச் சொல்லைப் பிள்ளை அதுவரை கேட்டதில்லை. இருந்தும் சரியான தட்டு வருகிறது. சில நாள் கழித்துச் சோதித்தால், கணிசமான பிள்ளைகளுக்கு அது ஒரு நிறத்தின் பெயர் என்பதாவது நினைவிருக்கிறது. ஒரே முறை கேட்டதில் சொல்லின் ஒரு நுனி ஒட்டிக்கொள்ளும் இந்த ஆற்றலுக்கு ‘விரைவுப் பொருத்தம்’ என்று பெயர் வந்தது. அந்தச் சோதனை புகழ்பெற்றதும் இதற்காகத்தான். ஆனால் அதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. நுனி ஒட்டிய பிறகு, அந்தச் சொல் எந்தச் சாயலைக் குறிக்கிறது என்று முழுமையாகத் தெளிய வாரங்களும் மாதங்களும் ஆயின.

இந்த மறுபாதியை 1980இல் மேபல் ரைஸின் பயிற்சி ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நிறச்சொல் எதுவும் தெரியாத சிறு பிள்ளைகளுக்குச் சில சொற்களைத் திட்டமிட்டுக் கற்பித்தபோது, சிலருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை சொல்லித்தர வேண்டியிருந்தது. வீட்டில் பத்து முறை சொல்லிக்கொடுத்துச் சோர்ந்துபோகும் தாய்க்கு இந்த எண் ஆறுதல் தர வேண்டும்.

காரணம் என்ன? எலன் மார்க்மன் முதலியோர் தரும் விடை ‘முழுப்பொருள் ஊகம்’. புதிய சொல்லைக் கேட்கும் குழந்தை அது முழுப் பொருளின் பெயர் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. பந்தைக் காட்டிச் ‘சிவப்பு’ என்றால், ‘பந்துக்கு இன்னொரு பெயர் போலும்’ என்று குழம்புகிறது. பொருளுக்கு ஏற்கனவே பெயர் தெரிந்திருந்தால் மட்டுமே புதிய சொல் அதன் பண்பின் மேல் போய் உட்கார வாய்ப்புண்டு. நிறத்தைக் கற்பிக்கக் குழந்தைக்குத் தெரியாத பொருளை எடுக்கக் கூடாது என்ற நடைமுறை விதி இதிலிருந்து பிறக்கிறது. அந்த விதி நல்ல விதி.

ஆனால் இந்த விளக்கம் தொடக்கத்தைத்தான் விளக்குகிறது. ‘இது என்ன கலர்?’ என்று கேட்டால் தவறாகவேனும் ஒரு நிறப்பெயரையே பதிலாகச் சொல்லும் குழந்தைக்கு, அது பொருளின் பெயரில்லை என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. காத்தரின் சாண்ட்ஹோஃபரும் லிண்டா ஸ்மித்தும் 1999இல் இதைத்தான் படிநிலையாகக் காட்டினர். முதலில் சொல்லோடு சொல் சேர்கிறது: ‘கலர்’ என்று கேட்டால் ‘சிவப்பு, நீலம்’ என்ற கூட்டத்திலிருந்து ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு சொல்லோடு பண்பு சேர்கிறது. அளவும் வடிவும் வேறான பொருள்களை நிறத்தால் மட்டும் ஒன்று சேர்ப்பது அவர்கள் கணக்கில் கடைசிப் படி. 1994இல் நான்சி சோஜாவோ, நிறச்சொல் தெரியாத பிள்ளைகளாலும் நிறத்தைக் கொண்டு பொருள்களைப் பிரித்தறிய முடிகிறது என்று கண்டார். இந்த இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். ஒரே மாதிரியான கட்டைகளில் இணை எடுப்பதும், ஆப்பிளையும் பஸ்ஸையும் செருப்பையும் சிவப்பு என்பதற்காக ஒரே கூடையில் போடுவதும் ஒரே வேலையில்லை என்பதைக் கணக்கில் கொண்டால் முரண் பெரும்பாலும் தணிகிறது.

கோடு எங்கே விழுகிறது?

கேட்டி வாக்னர், கேரன் டாப்கின்ஸ், டேவிட் பார்னர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, என் மதிப்பீட்டில், இந்த நீண்ட விவாதத்தின் போக்கைத் திருப்பியது. குழந்தைகள் நிறப்பெயரில் செய்யும் தவறுகளை எண்ணி ஒதுக்காமல், அவர்கள் அவற்றை வரைபடமாகப் பார்த்தார்கள். தவறுகள் கண்டபடி விழுந்த கற்களாக இல்லை. பல குழந்தைகள் ஒரு சொல்லை அதன் சரியான நிறத்துக்கும் அதன் பக்கத்து நிறங்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். சிவப்பு ஆரஞ்சுக்கு நீண்டது, நீலம் பச்சைக்கு நீண்டது. அதாவது, பெரியவர் காதில் தவறாக விழும் சொல்லுக்குப் பின்னால் ஏற்கனவே ஒரு பொருள் இருக்கிறது, அதன் எல்லை மட்டும் இன்னும் அகலமாக இருக்கிறது. பக்கத்து நிறத்துக்கு உரிய சொல் வரும்போது அந்த எல்லை சுருங்குகிறது.

இது சரியென்றால், தாமதத்தின் பெரும்பகுதி ‘நிறம் என்றால் என்ன’ என்று புரியாததால் வருவதில்லை. ஒவ்வொரு சொல்லும் எங்கே முடிகிறது என்று தெரியாததால் வருகிறது. எல்லையைச் சுட்டிக்காட்ட முடியாது. ‘இதுவரை பச்சை, இங்கிருந்து நீலம்’ என்று எந்தத் தாயும் கோடு கிழித்துக் காட்டுவதில்லை, பலநூறு எடுத்துக்காட்டுகளிலிருந்து குழந்தையே அதை ஊகித்தாக வேண்டும்.

புரிதல் பேச்சுக்கு முந்துகிறது என்பதற்கும் சான்று உண்டு. சமந்தா ஃபோர்ப்ஸும் கிம் பிளங்கெட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 19 மாத ஆங்கிலக் குழந்தைகளே நிறச்சொல்லைக் கேட்டுச் சரியான நிறத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினார்கள். நிக்கோலா பிட்ச்ஃபோர்டும் கேத்தி மல்லனும் பழுப்பும் சாம்பலும் மற்ற நிறங்களுக்குப் பின்னால் வருவதைக் கண்டனர். குழந்தைகளுக்கு அவற்றின் மேல் விருப்பம் குறைவு என்பதும், பேச்சில் அவை குறைவாகவே வருகின்றன என்பதும் காரணமாகலாம். மற்ற நிறங்களுக்குள் நிலையான முன்பின் இருக்கிறதா என்பதில் உடன்பாடு இல்லை.

‘சிவப்புப் பந்து’, ‘பந்து சிவப்பு’

கற்பிக்கும் வாக்கியத்தின் அமைப்பே வேறுபாடு தரும் என்று மைக்கேல் ராம்ஸ்கர் குழு 2010இல் சொன்னது. ஆங்கிலத்தில் நிறச்சொல் பெரும்பாலும் பொருளுக்கு முன்னால் வருகிறது. பொருளின் பெயரை முதலில் சொல்லி, நிறத்தைப் பின்னால் சொல்லிப் பயிற்சி தந்தபோது சிறு பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். நிறத்தை முன்னால் சொன்னபோது முன்னேற்றம் இல்லை. பொருள் எது என்று முதலில் தெரிந்துவிட்டால், கவனம் அதன் பண்பில் நிற்க முடிகிறது என்பது அவர்கள் காரணம். பயிற்சி சிறியது, மொழி ஒன்றே, சொற்கள் சில. இதைக் கொண்டு பாடத்திட்டம் எழுதிவிட முடியாது.

தமிழில் பெயரடை பெயருக்குப் பின்னால் வராது, ‘சிவப்புப் பந்து’தான். ஆனால் ‘பந்து சிவப்பு’, ‘பந்து செவப்பா இருக்கு’ என்று முழு வாக்கியமாகச் சொல்வது நம் பேச்சில் மிக இயல்பு. செலவில்லாத வழி, கெடுதலும் இல்லை. செய்துபார்க்கலாம்.

பட்டு நூல் சுற்றிய பலகைகள்

கோட்பாடு வருவதற்கு முன்பே ஆசிரியர்கள் வழி கண்டிருந்தார்கள். 1837இல் ஜெர்மனியில் தம் பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெலின் முதல் ‘பரிசு’ ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். உருவம், எடை, தொடுகை எல்லாம் ஒன்று, நிறம் மட்டும் வேறு. மரியா மாண்டிசோரி பட்டு நூல் சுற்றிய நிறப்பலகைகளை வைத்தார். இன்று அவை வண்ணம் பூசிய பலகைகள். முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்றே இணைகள். அடுத்ததில் பதினொரு இணைகள். அதற்கடுத்ததில் ஒரே நிறத்தை அடர்த்தியிலிருந்து வெளிர்வரை வரிசைப்படுத்துவது. 1939இல் அவர் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து பயிற்சி நடத்தியதால் இந்தப் பெட்டிகள் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்குப் புதியவை அல்ல.

எடுவார் செகேன் என்ற முன்னோடியிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று கட்டப் பாடம் இன்றும் பின்பற்றத் தக்கது. முதலில், “இது சிவப்பு. இது நீலம்.” அவ்வளவுதான், கூடுதல் சொல் இல்லை. இரண்டாவது, “சிவப்பைக் கொடு. நீலத்தைக் காட்டு.” மூன்றாவதாகத்தான், “இது என்ன?” இரண்டாவது கட்டத்தில் பிள்ளை தவறினால் திருத்துவதில்லை, பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடங்குவது. நம் வீடுகளில் நாம் மூன்றாவது கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறோம். விருந்தினர் முன்னால் ‘இது என்ன கலர் சொல்லு’ என்று கேட்பது கற்பித்தலில் சேராது, அது பரீட்சை.

இந்த முறையின் வலிமையே அதன் குறையும். மூன்று பலகைகள் மையச் சாயல்களை அழகாகக் காட்டும். ஆனால் வாக்னர் குழு சொல்லும் எல்லைச் சிக்கலை அவை தொடுவதில்லை. கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் வாழையிலையும் வேப்பங்கொழுந்தும் எல்லாம் ‘பச்சை’யே என்று அறிய, பல சாயல்கள் ஒரே பெயரில் கண்ணில் பட வேண்டும்.

தமிழ்க் குழந்தை கேட்கும் சொற்கள்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலக் குழந்தைகளைக் கொண்டு செய்தவை. தமிழ்க் குழந்தையின் காதில் விழும் சொற்கள் வேறு விதமானவை.

கறு, வெளு, சிவ என்பவை நமக்கு வினைகளாகவும் நடக்கின்றன. முகம் கறுத்தது, துணி வெளுத்தது, தோசை சிவந்தது என்கிறோம். பழந்தமிழில் பசத்தலும் உண்டு. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இப்படி அன்றாட வினை இல்லை. பெர்லினும் கேயும் சொன்ன வரிசையோடு இது ஒத்துப்போவதைப் பார்க்கலாம். சான்றாக அல்ல, ஒரு குறிப்பாகச் சொல்கிறேன். பசும்பொன் என்ற சொல்லில் பசுமை மஞ்சளையும் தழுவி நின்ற காலத்தின் தடம் இருக்கிறது.

‘பச்சை’யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய் நிறத்தால் பச்சை. பச்சரிசி வெள்ளை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சைப் பொய். ஒரே அடுக்களையில் ஒரே நாளில் இத்தனையும் குழந்தையின் காதில் விழுகின்றன. மஞ்சள் டப்பாவில் இருக்கும் பொடியும் மஞ்சள்தான், வாழைப்பழத்தின் நிறமும் மஞ்சள்தான். கருவேப்பிலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பச்சை. பெரியவர்களான நமக்கு இவை உறுத்துவதே இல்லை. எல்லையைத் தேடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு உறுத்தாமலா இருக்கும்? உழவர் வீட்டுப் பிள்ளைக்குச் செவலை, மயிலை, காரி என்று மாட்டுக்கு மட்டுமே உரிய நிறப்பெயர்கள் தனியே உண்டு. அவற்றைச் சட்டைக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

‘சிவப்பு’க்கு இன்னொரு சுமை. “பிள்ளை நல்ல சிவப்பா இருக்கு” என்று நாம் சொல்லும்போது பேசுவது வெளிர்ந்த தோலை. கட்டையின் சிவப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கிரயோலா தன் ‘சதை நிற’க் குச்சியின் பெயரை 1962இலேயே மாற்றிவிட்டது. நாமோ இன்னும் வெளிர் ரோஸ் குச்சியை ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்கி, மாநிறக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். நிறத்தின் பெயரோடு நிறத்தின் தரவரிசையையும் சேர்த்துக் கற்பிக்கும் இந்த வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுத்தது இருமொழி. பள்ளியில் ரெட், ப்ளூ, கிரீன். பாட்டியிடம் சிவப்பு, நீலம், பச்சை. பல வீடுகளில் முதல் தொகுதி முந்திவிடுகிறது. ஊதா சிலருக்கு வயலெட், சிலருக்கு ப்ளூ. தமிழகத்தில் ஆரஞ்சு என்பது இலங்கைப் பள்ளிகளில் செம்மஞ்சள், இங்கே பழுப்பு என்பது அங்கே கபில நிறம், மண்ணிறம். துணிக்கடையில் கத்திரிப்பூ கலர், மாம்பழக் கலர், அரக்கு. ‘ஊதா எடு’ என்றதும் நீலத்தை எடுக்கும் குழந்தை, தன் வீட்டு வழக்கின்படி மிகச் சரியாகவே எடுத்திருக்கலாம்.

கண் மருத்துவர் எப்போது?

டார்வினின் அச்சம் சில பிள்ளைகள் விஷயத்தில் உண்மையாகவும் இருக்கும். சிவப்பு–பச்சைக் குறைபாடு, ஆண் பிள்ளைக்குத் தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமைச் சார்ந்தது. வட ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் அரை விழுக்காட்டினருக்கும் இருக்கிறது. பெயர் தெரியாத குழந்தை இணையைச் சரியாக எடுக்கும். குறைபாடுள்ள குழந்தை சில சிவப்பு, பச்சை, பழுப்புச் சாயல்களில் இணையையே மாற்றி எடுக்கக்கூடும், பளிச்சென்ற கட்டைகளில் தப்பியும்விடலாம். நான்கு, ஐந்து வயதுக்கு மேலும் அதே நிறங்களில் குழப்பம் நீடித்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1917இல் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. எண் தெரியாத பிள்ளைகளுக்காக, வளைந்த கோட்டை விரலால் தொடரும் படங்களும் அவற்றில் உண்டு.

முடியாத கணக்குகள்

கண்ணின் மடிப்புக்கும் மொழியின் கோட்டுக்கும் உள்ள உறவு தீர்ந்துவிடவில்லை. பயிற்சி உண்மையில் கற்றலை விரைவுபடுத்துகிறதா, அல்லது எப்படியும் வரப்போவதைச் சில வாரம் முன்னால் தள்ளுகிறதா என்பதும் தெளிவாகவில்லை. விரைவாகக் கற்பதால் பின்னாளில் ஏதேனும் நன்மை உண்டு என்று நம்ப வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை. ஒரே நேரத்தில் இரு மொழியின் நிறச்சொற்களைக் கேட்கும் குழந்தை இரண்டு தொகுதி எல்லைகளைப் போடுகிறதா, ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்துகிறதா என்ற கேள்விக்குத் தமிழ் வீடுகளைவிட நல்ல களம் கிடைப்பது கடினம்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், மழலை வகுப்பு ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை நீலத்தைப் பச்சை என்றால் ‘தப்பு’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். எந்தப் பொருளுக்கு, எந்த வயதில், எந்த மொழிச் சொல்லைச் சொன்னது என்று ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். டார்வினும் தம் பிள்ளைகளைக் கவனித்துக் குறித்துவைத்துத்தான் தொடங்கினார்.